சங்ககிரியில் அமாவாசை, நாக்பூரில் விடுமுறை

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சங்ககிரி லாரி ஆபீஸின் மாடியில், என் மடிக்கணினிக்குச் சந்தனம் வைத்தார்கள்.

வைத்தவர் பொன்னுசாமி. நாற்பது லாரிகளின் சொந்தக்காரர். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, திரையின் மேல்விளிம்பில் நட்ட நடுவே ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமம். சரியாகக் கேமரா இருக்கும் இடம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கற்பூரத் தட்டு வந்துவிட்டது.

கீழே கழுவி நிறுத்திய லாரிகளின் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன. சாலையில் அப்போதுதான் உடைத்த பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ்கள் போயின. டீசல் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து மாடிக்கு வந்தன.

“பட்டனைத் தட்டிப் போடுங்க தம்பி. நல்ல நேரம் ஆரம்பிச்சிருச்சு,” என்றார் பொன்னுசாமி.

தட்டினேன். புக்கிங் பார்க்கும் வளர்மதி முதல் பதிவைப் போட்டார்: ஆத்தூரிலிருந்து நாக்பூருக்கு ஜவ்வரிசி. திரையில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பச்சை விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு இருந்தது. நாக்பூர் ஆபீஸில் இதே நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பதிவை ஒப்புக்கொண்டால்தான் அது எரியும். ஐந்து நிமிடம் பார்த்தோம். பத்து நிமிடம் பார்த்தோம். அது எரியவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் திட்ட மேலாளராக, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். இந்த ஒரு திட்டம் இரண்டு ஊரிலும் அன்றே ஓடத் தொடங்கி, வாடிக்கையாளரின் ஏற்புக் கடிதம் மாலை நான்கு மணிக்குள் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. இதை எங்கள் எம்.டி. கதிரவன் எனக்கு மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார். அவர் மரியாதையாகச் சொல்பவற்றை மாற்றுவதில்லை.

வழி என்ன?

நாமக்கல்லிலிருந்து இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் சிவில் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறானாம். ‘ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆவதற்கு என்ன வழி? நீங்களே ஆகியிருக்கிறீர்களே’ என்று கேட்டிருக்கிறார். கடைசி வாக்கியத்தில் இருந்த வியப்பை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழிகள் பல. எங்கள் கம்பெனியில் எனக்கு முன்பே மூன்று திட்ட மேலாளர்கள் இருந்தார்கள். முதலாமவர் பன்னிரண்டு ஆண்டுகள் நிரல் எழுதியவர். மிக நன்றாக எழுதியதால், இனி எழுத வேண்டாம் என்று சொல்லி மேலாளர் ஆக்கிவிட்டார்கள். இரண்டாமவர் எம்.பி.ஏ. படித்தவர். மற்றவர்கள் செய்யும் வேலையை வண்ண அட்டவணையாக மாற்றுவதில் கெட்டிக்காரர்.

மூன்றாமவர் ஒரு பெண். அதற்கு முன் கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தார். சமையல்காரர், மின்சாரம், மாப்பிள்ளை வீட்டார் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்த்துப் பழகியவர். மூவரில் அவருடைய திட்டங்கள்தான் சொன்ன தேதியில் முடிந்தன. கணினி பற்றி அவருக்கு அதிகம் தெரியாது என்று மற்ற இருவரும் வருத்தப்பட்டார்கள்.

நான்காவது வழி என்னுடையது. பத்திரிகைப் பதிப்பு ஒன்று மூடப்பட வேண்டும்.

சேலத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். ஒரு நாள் நிர்வாகம் சேலம் பக்கங்களை இனி வேறு ஊரிலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தது. எங்களுக்குச் சால்வை போட்டார்கள். புகைப்படம் எடுத்தார்கள். மறுநாள் அது பத்திரிகையில் வரவில்லை. பக்கத்தில் இடம் இல்லையாம்.

அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம், செவிலியராக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லாவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. தினமும் காலையில் கிளம்பும்போது, ‘கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க’ என்று மட்டும் சொல்வாள். பட்டதாரி ஒருவனுக்கு அதைவிடக் கூர்மையாக எதுவும் சொல்ல முடியாது.

மலர், ஒரு வருடாந்திர வெளியீடு

ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் திட்ட மேலாண்மைப் பயிற்சி வகுப்பு நடந்தது. எந்தப் பட்டமும் போதும் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது பொருந்தியது.

என் பக்கத்து நாற்காலியில் பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் உட்காருவார். கல்லூரியில் மாணவர்கள் குறைந்துகொண்டே வந்ததால், தன் மாணவர்கள் போன வழியில் தானும் போவதென்று முடிவு செய்திருந்தார். முன்வரிசையில் தம்மம்பட்டியிலிருந்து வரும் மருந்து விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களுக்காகக் காத்திருந்த நேரத்தையெல்லாம் அனுபவமாகக் கணக்குக் காட்ட முடியுமா என்று முதல் நாளே கேட்டார்.

அது அவ்வளவு வேடிக்கையான கேள்வி இல்லை. இந்தத் துறையில் இரண்டு வகைச் சான்றிதழ்கள் உண்டு. பெரிய சான்றிதழுக்கு, பல வருடங்கள் திட்டங்களை முன்நின்று நடத்தியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சிறியதற்கு வகுப்பில் உட்கார்ந்து, தேர்வில் தேறினால் போதும். திட்டத்தை நடத்தியிருந்தால்தான் பெரிய சான்றிதழ். பெரிய சான்றிதழ் இருந்தால்தான் நடத்தத் திட்டம் கொடுப்பார்கள். இந்த வட்டத்துக்குள் எங்கே நுழைவது என்பதைக் கற்பிப்பதுதான் அந்த வகுப்பின் உண்மையான பாடத்திட்டம்.

நான் முதலில் பெரியதற்கே விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தேன். ‘தீபாவளி மலர்: பொறுப்பாசிரியர்’ என்று எழுதினேன். பயிற்றுநர் படித்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், மலருன்னு போட்டா அங்க படிக்கிறவங்க பூக்கடைன்னு நெனைப்பாங்க. ‘வருடாந்திர வெளியீட்டுத் திட்டம், பல துறைக் குழு’ன்னு போடுங்க.”

“பல துறைன்னா?”

“ஜோசியர் எழுதினாரா?”

“எழுதினார்.”

“சமையல் குறிப்பு?”

“இருந்தது.”

“அப்புறம் என்ன சார்?”

எழுதவில்லை. கூச்சமாக இருந்தது. சிறிய சான்றிதழுக்கே போய்த் தேறினேன். அந்தக் கூச்சம் இப்போது இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கதிரவனுடன் நேர்காணல் இருபது நிமிடம். என் சான்றிதழை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “சொன்ன நேரத்துக்கு வேலையை முடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

பக்கம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிப்போகும் ஆத்தூர் வேன் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும் என்றேன். எத்தனை நாள் பக்கம் முடியாமல் போனது என்று கேட்டார். ஒரு நாளும் இல்லை என்றேன்.

“நல்லா இருந்துச்சா பக்கம்?”

“எல்லா நாளும் இல்லை.”

சிரித்தார். வேலை கிடைத்தது.

பஞ்சாங்கப் பெட்டி

இந்த இடத்தில் என் தகுதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகையில் என்னிடம் இருந்த சிறு பொறுப்புகளில் ஒன்று, ‘இன்றைய நாள்’ என்ற பெட்டி. திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், சூலம். ஜோதிடர் எழுதி அனுப்புவார். எழுத்துப்பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புவது நான்.

நாங்கள் கத்தோலிக்கர். வீட்டில் நல்ல நேரம் பார்ப்பது கிடையாது. அதனால்தான் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். நம்பிக்கை உள்ளவர்கள் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒருமுறை எங்கள் பத்திரிகையில் அமைச்சர் ஒருவரின் துறையையே மாற்றிப் போட்டுவிட்டோம். ஒரு போன்கூட வரவில்லை. இன்னொரு முறை அமாவாசையை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிட்டேன். அன்று மதியம்வரை போனைக் கீழே வைக்க முடியவில்லை. நாமக்கல் பட்டறை ஒன்றில் பாடி கட்டி முடித்த லாரியை, எங்கள் பெட்டியை நம்பி அன்று காலையிலேயே வெளியே எடுத்துவிட்டார்களாம். “இப்ப அதைத் திருப்பி உள்ள விடறதா, வேண்டாமான்னு சொல்லுங்க” என்று கேட்டார் பட்டறைக்காரர். ‘உள்ளே விடுங்கள்’ என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அமாவாசையை நான் இருமுறை சரிபார்ப்பேன். நம்பிக்கையினால் இல்லை, பயத்தினால். இந்தப் பக்கத்தில் அமாவாசை என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். புது வண்டி எடுக்கும் நாள், கடை திறக்கும் நாள், நகைக்கடைகள் முதல் பக்கத்தை முழுசாக வாங்கிக்கொள்ளும் நாள். இதில் நான் நடுநிலையாளன், விவரம் தெரிந்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

தேதி குறித்த கதை

பொன்னுசாமியின் தொழில் எளிமையானது. இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு லாரி வடக்கே போகும். அங்கே விரத நாட்களில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். திரும்பும்போது நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குச் சோயா புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வரும். நாக்பூரில் அவருக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர் ரமேஷ்ஜி. இருவருக்கும் இருபது வருடப் பழக்கம். எல்லாம் போனில். எந்த லாரி எங்கே நிற்கிறது என்பது வளர்மதியின் தலையில் இருந்தது. அதைக் கணினிக்கு மாற்றுவதுதான் எங்கள் திட்டம்.

மென்பொருள் முதன்முதலாக உண்மையான வேலையில் இறங்குவதை எங்கள் துறையில் ‘கோ-லைவ்’ என்பார்கள். நான் அதைப் புதன்கிழமை என்று குறித்திருந்தேன். பொன்னுசாமி அட்டவணையை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, ஒரு நாள் தள்ளிப் போட்டா அமாவாசை. பங்குனி அமாவாசை. அதை உட்டுப்போட்டு புதன்கிழமை எதுக்குங்க?”

யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கதிரவன் உடனே ஒப்புக்கொண்டார். நிரல் எழுதிய பையன்கள் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததில் மகிழ்ந்தார்கள். நான் நாள்காட்டியை இருமுறை பார்த்து, அமாவாசை வியாழக்கிழமைதான் என்று உறுதி செய்தேன். என் தொழில் அனுபவம் புதிய தொழிலில் பயன்படுவதாக எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

நாக்பூருக்குத் தேதியும் நேரமும் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ரமேஷ்ஜி ‘ஓகே ஜி’ என்று பதில் போட்டார். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அவர் அதையேதான் போடுவார்.

திட்டத்தில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க ஒரு பட்டியல் உண்டு. மின்தடை எழுதியிருந்தேன். இணையத் தடை, லாரி வேலைநிறுத்தம், வளர்மதிக்கு உடம்பு சரியில்லாமல் போவது, எல்லாம் எழுதியிருந்தேன். பதினேழு வரிகள். அந்தப் பட்டியலுக்குக் கதிரவன் என்னைப் பாராட்டினார்.

“மண்டையில ஏதாச்சும் இருக்கா?”

இப்போது மறுபடி மாடிக்கு வரலாம். மணி பத்தே முக்கால். இரண்டாவது விளக்கு எரியவில்லை.

வளர்மதி ரமேஷ்ஜிக்குப் போன் போட்டார். அவருடைய இந்தி பத்து வருடமாகப் போனிலேயே கற்றது. இலக்கணம் கிடையாது, வேகம் உண்டு. பேசப் பேச அவர் முகம் மாறியது. போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

“சார், அவரு ஆபீசுலயே இல்லீங்க. ஊட்டுல இருக்காரு. இன்னைக்கு அமாவாசைங்களாம்.”

“நமக்கும் அமாவாசைதான்!” என்றார் பொன்னுசாமி, உற்சாகமாக.

“அதுக்கில்லீங்கண்ணா. அவங்க ஊருல அமாவாசைக்குப் புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாங்களாமா. ஆகாத நாளாமுங்க.”

லாரிக்கு மூன்று சக்கரம் போதும் என்று யாரோ சொன்னதுபோல் பொன்னுசாமி அவரைப் பார்த்தார்.

“அமாவாசை ஆகாத நாளா? நல்லா விசாரிச்சயா?”

“ரெண்டு தடவை கேட்டுட்டனுங்க. நாளைக்கு அவங்களுக்கு வருசப் பொறப்பு. குடிபாட்வாவாம். வருசத்துலயே நல்ல நாளு நாளைக்குத்தானாமா. அதுக்கு மொத நாளாப் பாத்து ஆரம்பிக்கச் சொல்றீங்களே, மண்டையில ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறாருங்க.”

“என்னையவா?”

“இல்லீங்க. சாரை.”

ரமேஷ்ஜி கேட்டது நியாயம். பத்து வருடம் அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருந்தவன், வானத்தில் ஒரே நிலாவுக்கு ஊருக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. பதினேழு வரிப் பட்டியலில் விட்டுப்போன பதினெட்டாவது வரி அதுதான்.

“அப்ப நாளைக்கே ரெண்டு ஊர்லயும் சேர்ந்து தொடங்கலாமா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

பொன்னுசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நாளைக்குப் பிரதமைங்க தம்பி. பிரதமைல தொட்டது ஒண்ணாச்சும் உருப்படுமா? பூசை பண்ணி, பூசணிக்காயும் உடைச்சாச்சு. இனி நிறுத்தறதுங்கற பேச்சே கெடையாது.”

வளர்மதி மறுபடி போனில் கேட்டுவிட்டுச் சொன்னார். “இன்னைக்குத் தொடறதுங்கற பேச்சே கெடையாதாமுங்க.”

ஒரு சுலபமான யோசனை

கீழே லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் மாடிவரை கேட்காது. கேட்டதுபோல் இருந்தது.

பொன்னுசாமி நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்தாளோட பாஸ்வேர்டு வளர்மதிக்குத் தெரியுமுங்க. அவருக்கு அதை வெச்சுக் குடுத்ததே இவதான். இங்க இருந்தே அவரு பேர்ல ஒண்ணு தட்டிப் போட்டா வெளக்கு எரியுமில்லீங்களா?”

“எரியும்.”

“நான் கடுதாசியில கையெழுத்துப் போட்டுத் தாறேன். உங்க வேலையும் நெலச்சுரும். ஆருக்குத் தெரியப்போகுது?”

வளர்மதி ஏற்கெனவே விசைப்பலகையில் கையை வைத்திருந்தார். “சொல்லுங்க சார். ஒரு நிமிசம்.”

நான் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். போகாத ஊரின் பெயரைப் போட்டு, ‘நமது நிருபர்’ என்று எத்தனையோ செய்தி எழுதியவன் நான். சேலத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கொல்லிமலைச் சாரலை வர்ணித்திருக்கிறேன். என் மனசாட்சிக்கு இந்தப் பழக்கம் உண்டு.

தடுத்தது வேறொன்று. ஒவ்வொரு பதிவும் எந்த ஊரிலிருந்து போடப்பட்டது என்பதையும் மென்பொருள் சேர்த்தே குறித்துக்கொள்ளும். அதை யாரும் அழிக்க முடியாது. அப்படி ஒரு வசதி வேண்டும் என்று தேவைப் பட்டியலில் எழுதியவன் நான்தான். நிரல் எழுதும் பையன்கள் வேண்டாம் என்றபோது, ஒரு வாரம் சண்டை போட்டு வாங்கினேன்.

“இந்த வசதி எதுக்குங்க வெச்சீங்க?” என்று கேட்டார் பொன்னுசாமி, விஷயத்தைச் சொன்னதும்.

“டிரைவருங்க போகாத ஊருக்குப் போனதாப் போடக்கூடாதுன்னு நீங்கதான் கேட்டீங்க.”

“டிரைவருக்குத்தானே கேட்டேன்,” என்றார்.

எதுவும் இல்லாத நேரம்

சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கியது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதைப் பார்த்தேன். சிறிய எழுத்தில் இருந்தது: அமாவாசை பிற்பகல் 2.10 வரை, பின்பு பிரதமை. பத்து வருடம் இந்த வரியை எழுத்துப்பிழைக்காக மட்டுமே படித்திருக்கிறேன். அன்றுதான் அதில் சொல்லியிருந்த விஷயத்தைப் படித்தேன்.

“வளர்மதி, அவருக்கு அமாவாசை எத்தனை மணிவரைக்கும்னு கேளுங்க.”

கேட்டார். இருக்கச் சொல்லிவிட்டு ரமேஷ்ஜி எங்கோ போனார். பஞ்சாங்கத்தை எடுக்கப் போயிருப்பார் போல. திரும்பி வந்து அவரும் ஏறக்குறைய அதே நேரத்தைத்தான் சொன்னார். ஆனால் அமாவாசை முடிந்துவிட்டால் பண்டிகை வந்துவிட்டதாக ஆகாது, அது நாளைச் சூரிய உதயத்தில்தான் வரும் என்றாராம்.

“அப்ப ரெண்டு பத்துலருந்து நாளைக்குக் காலைவரைக்கும் என்ன நேரம்?”

வளர்மதி கேட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “அது ஒண்ணுமில்லாத நேரமாமுங்க.”

ஒன்றுமில்லாத நேரம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அதன்பின் நடந்த பேரத்தை வளர்மதிதான் நடத்தினார். நான் தமிழில் ஒரு வரி சொன்னால், அவர் இந்தியில் ஐந்து நிமிடம் பேசினார். இடையில் ரமேஷ்ஜியின் பேரக்குழந்தையின் காய்ச்சல், போன மாதம் நனைந்துபோன சோயா மூட்டைகள் எல்லாம் வந்துபோயின. முடிவில் இப்படி ஏற்பாடானது: இரண்டு பத்துக்குப் பிறகு அவர் ஆபீசுக்கு வந்து ஒரே ஒரு பதிவை ஒப்புக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை அது ஒத்திகை. உண்மையான தொடக்கம் நாளைக் காலை, பூஜைக்குப் பின்.

“நமக்கு?” என்றார் பொன்னுசாமி.

“நமக்கு இன்னைக்குப் பத்தரைக்கே தொடங்கியாச்சு.”

அவர் யோசித்தார். “ரெண்டு பத்து நமக்கு ராகு காலமாச்சுங்களே.”

“தட்டறது அவருதானுங்கண்ணா,” என்றார் வளர்மதி. “ராகு அவருக்குத்தான்.”

பொன்னுசாமிக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தது. நான் உட்கார்ந்து திட்ட அட்டவணையைத் திருத்தினேன். முதல் கட்டம் சங்ககிரி, இரண்டாம் கட்டம் நாக்பூர் ஒத்திகை, மூன்றாம் கட்டம் நாக்பூர். வண்ணம்கூடக் கொடுத்தேன்.

இரண்டு பத்து வந்தது. இரண்டரை ஆனது. மூன்று ஆனது. வளர்மதி தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதித் தக்காளிச் சாதத்தை ஒரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். என்ன ருசி என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று இருபதுக்கு ரமேஷ்ஜி வீடியோவில் வந்தார். குளித்துத் தலைவாரி, வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஒத்திகைக்கு வந்தவர்போல் இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“உங்க ஊருல பனிமூட்டமான்னு கேக்கறாருங்க,” என்றார் வளர்மதி.

கேமராவிலிருந்து சந்தனத்தைத் துடைத்தேன். ரமேஷ்ஜி ஒரு விரலால் தட்டினார். இரண்டாவது விளக்கு எரிந்தது. காலையில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மீதிப் பேர் கவனிக்கவில்லை.

நான்கு மணி

ஏற்புக் கடிதத்தை நானே எழுதினேன். பொன்னுசாமிக்கு ‘அமாவாசையன்று’ என்ற சொல் வேண்டும். ரமேஷ்ஜிக்கு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயர் இருக்கக்கூடாது. கதிரவனுக்கு இன்றைய தேதி வேண்டும். மூன்று பேரும் மறுக்க முடியாத ஒரே வாக்கியத்தை எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆனது. பத்திரிகையில் ஆளுங்கட்சிக் கூட்டத்தையும் எதிர்க்கட்சிக் கூட்டத்தையும் ஒரே தலைப்பில் போட்டுப் பழகியவனுக்கு அது பெரிய காரியம் இல்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது.

நான்கு மணிக்குக் கதிரவன் போனில் வந்தார்.

“கட்டம் கட்டமாத்தான் செஞ்சிருக்கீங்க. நல்ல முறை. இது முதல்லருந்தே ப்ளான்ல இருந்ததா?”

“இப்ப இருக்கு,” என்றேன்.

காலையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். “நாக்பூர்க்காரங்க அமாவாசைக்கு எதுவும் தொடங்க மாட்டாங்கன்னு எனக்கும் தோணலை அருள்,” என்றார். பிறகு, “ஹெச்.ஆர். கிட்ட சொல்லிடறேன். லெட்டர் வரும்.”

மாடிப்படி இறங்கும்போது பொன்னுசாமி என் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா? அமாவாசைல ஆரம்பிச்சதால தப்பிச்சோம்.” அதே நேரத்தில் நாக்பூரில் ரமேஷ்ஜி, அமாவாசை முடியக் காத்திருந்ததால் தப்பித்தோம் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். இருவரையும் நினைத்துச் சேலம்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். படித்தவன், இரண்டு பக்கமும் சேராதவன் என்ற சிரிப்பு அது.

எந்தத் தேதி, சார்?

மறுவாரம் ஹெச்.ஆர். நித்யா என்னைக் கூப்பிட்டார். திரையில் என் பணி உறுதிக் கடிதம் இருந்தது. பெயர், பதவி: திட்ட மேலாளர். நெடுநாள் காத்திருந்த எழுத்துகள். கீழே, நடைமுறைக்கு வரும் தேதி. தகுதிகாண் காலம் முடியும் நாளை மென்பொருளே எண்ணிப் போட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை.

“சரியா இருக்கான்னு பாத்துக்கங்க சார். ஓகேன்னா அனுப்பிடறேன்.”

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த வெள்ளி, புனித வெள்ளி.

சேசு சிலுவையில் தொங்கும் நாளில் எனக்கு நிரந்தர வேலை. எங்கள் மாதா கோவிலில் மணிகூட அன்று அடிக்காது. எங்கள் வீட்டில் அன்று அடுப்பு பற்றவைப்பதே யோசனையோடுதான். இது ஒரு தேதி மட்டுமே, ஒரு கணினி எண்ணிப் போட்ட எண் மட்டுமே என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்தபடி அரை நிமிடம் நின்றேன்.

“இதைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?”

நித்யா நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்பார் என்று ஒரு நீண்ட பதிலைத் தயார் செய்தேன். அவர் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

“எந்தத் தேதி, சார்? சனிக்கிழமை?”

“வேண்டாம். திங்கட்கிழமை.”

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை என்று மாற்றினார். வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம், கம்பெனியில் நிர்வாகக் காரணங்களால் மூன்று நாள் தாமதம் என்று சொன்னேன். அவள் சுவரில் தொங்கிய பங்குக் கோவில் நாள்காட்டியை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள்.